கூப்பிடு தூரம்

நுழையும்முன்

உங்கள் பெற்றோர் பிறந்த ஊர், நீங்கள் வாழும் ஊரிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது? இக்கேள்விக்குச் சிலர் கிலோமீட்டரில் விடை கூறுவர். சிலர் 'ஓர் இரவுப் பயணம்' என்பர். இரண்டும் விடைகளே. தொலைவை எதைக்கொண்டு அளப்பது என்று எண்ணிப் பார்க்க நேர்ந்த ஒரு மாணவியைப் பற்றியது இக்கட்டுரை.

1. பத்து வரிப் பணி

பெங்களூருவில் உள்ள மத்தியப் பள்ளி ஒன்றில் அவள் எட்டாம் வகுப்புப் பயில்கிறாள். அங்கே வாரத்தில் இரண்டு நாள், மற்ற வகுப்புகள் முடிந்தபின், தமிழ் விருப்பப்பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. அவ்வகுப்பில் அமர்வோர் விளையாட்டுத் திடலில் கன்னடம் பேசுவர். பாட வேளைகளில் ஆங்கிலமும் இந்தியும் பேசுவர். வீட்டுக்குள் நுழைந்ததும் தமிழுக்குத் திரும்புவர். அவளும் அவ்வாறே.

நவம்பர் மாத இறுதியில் தமிழாசிரியை ஒரு பணி கொடுத்தார். நெடுந்தொலைவில் உள்ள இரு நகரங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றுக்கு இடையே உள்ள தொலைவையும் பயண நேரத்தையும் பற்றித் தமிழில் பத்து வரிகள் எழுதி வரவேண்டும் என்பதே அப்பணி.

தோழர்கள் சென்னை–தில்லி, மும்பை–கொல்கத்தா எனத் தேர்ந்தனர். அவள் பெங்களூருவையும் சான் பிரான்சிஸ்கோவையும் தேர்ந்தாள். அவளுடைய சித்தப்பா அந்நகரில் பணிபுரிகிறார். அதுமட்டுமன்று, வகுப்பில் வேறெவரும் எழுத முடியாத பெரிய எண் தன் ஏட்டில் இருக்கும் என்னும் சிறு பெருமிதமும் அவளுக்கு இருந்தது.

தொலைவு, ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். இடையில் எங்கும் நில்லாத வானூர்தியில் பயண நேரம், ஏறத்தாழ 17 மணி. இவ்விரண்டையும் கண்டறிய ஐந்து நிமிடமே ஆயிற்று. ஆனால் அவை இரண்டு வரிகள்தாம். எஞ்சிய எட்டு வரிகளுக்கு என்ன எழுதுவது என்று அவளுக்கு விளங்கவில்லை.

2. நூலும் உருண்டையும்

சுவரில் தொங்கிய உலகப் படத்தில் அவள் அளவுகோலை வைத்துப் பார்த்தாள். பெங்களூருவிலிருந்து புறப்பட்ட கோடு வங்கக் கடலையும் தென்கிழக்கு ஆசியாவையும் கடந்து, பசிபிக் பெருங்கடலின் குறுக்கே நெடுகச் சென்று, சான் பிரான்சிஸ்கோவை அடைந்தது. வானூர்தியும் இவ்வழியேதான் செல்லும் என்று அவள் உறுதியாக நம்பினாள்.

அவள் தந்தை மறுத்துரைக்கவில்லை. அலமாரியின் மேலிருந்த உலக உருண்டையைத் தூசி தட்டி எடுத்துத் தந்தார். தாய் தையல் பெட்டியிலிருந்து ஒரு முழம் நூலை அறுத்துக் கொடுத்தார்.

"இரண்டு ஊர்களிலும் நூலின் நுனியை அழுத்திப் பிடித்துக்கொள். நூல் தொய்யாமல் இழு. அது எந்த வழியாகப் போகிறதோ அதுவே குறுகிய வழி" என்றார் தந்தை.

அவள் இழுத்தாள். நூல் கடல் பக்கம் போகவே இல்லை. பெங்களூருவிலிருந்து வடக்கு நோக்கி ஏறி, இமயத்தைக் கடந்து, சைபீரியாவின் வடகோடியைத் தொட்டு, அலாஸ்காவின் வழியாகக் கீழிறங்கிச் சான் பிரான்சிஸ்கோவில் நின்றது. நூலை வலிந்து பசிபிக் கடலின் நடுவே கொண்டுவந்தபோது, நூலின் நீளம் போதவில்லை.

உருண்டையான ஒன்றைத் தட்டையான தாளில் விரித்தால் ஏதேனும் ஓரிடத்தில் அது இழுபட்டே தீரும். பூசணிக்காயின் தோலைச் சீவிப் பலகையில் பரப்பிப் பார்ப்பவர்க்கு இது விளங்கும். தாளில் நேராகத் தெரியும் வழி, உருண்டையில் வளைந்த வழி. தாளில் வளைந்து தெரியும் வழியே உருண்டையில் குறுக்குவழி. இக்குறுக்குவழியைப் புவியியலார் 'பெருவட்டப் பாதை' என்பர். புவியின் நடுக்கோட்டுச் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். எனவே பெங்களூருவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ செல்பவர், உலகைச் சுற்றும் வழியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கடந்துவிடுகிறார்.

மேலும் மூன்று வரிகள் கிடைத்தன. அப்போது அவள் மற்றொன்றையும் கவனித்தாள். உருண்டையில் மேலிருந்து கீழாக ஓடும் தீர்க்கரேகை ஒன்றின் அருகே பெங்களூரு இருந்தது. அதே கோட்டை விரலால் தொட்டுத் தெற்கே இறங்கினால் திருநெல்வேலி வந்தது. அம்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில்தான் அவள் ஆச்சி வசிக்கிறார். இரண்டு ஊர்களும் ஏறத்தாழ ஒரே கோட்டில் இருப்பதால், அவள் தலைக்கு மேல் கதிரவன் நிற்கும் வேளையில் ஆச்சியின் முற்றத்திலும் உச்சிப்பொழுதாகவே இருக்கும். உருண்டையில் அவ்விரு ஊர்களுக்கும் இடையே ஒரு விரற்கடையும் இல்லை. அதனால் அதைப் பற்றி ஏட்டில் எதுவும் எழுத அவளுக்குத் தோன்றவில்லை.

3. காற்றின் கொடை

ஞாயிறு காலை சித்தப்பாவுடன் அலைபேசியில் பேசினாள். அவர் ஊரில் அப்போது சனிக்கிழமை இரவு.

பணியைப் பற்றிக் கேட்டதும் சித்தப்பா ஒரு புதிர் போட்டார். "2016ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஏர் இந்தியா நிறுவனம் தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ செல்லும் வானூர்தியின் வழியை மாற்றியது. அதற்கு முன்பு அது மேற்கே அட்லாண்டிக் பெருங்கடல் வழியாகச் சென்றது. தொலைவு ஏறத்தாழ 13,900 கிலோமீட்டர். பிறகு கிழக்கே பசிபிக் வழியாகச் சென்றது. தொலைவு ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர். எந்த வழியில் விரைவாகப் போய்ச் சேரலாம்?"

"அட்லாண்டிக் வழியில்தான். அதுதானே குறைந்த தொலைவு?"

"அதில் பதினாறரை மணி நேரம். பசிபிக் வழியில் பதினான்கரை மணி நேரம்."

அவளால் நம்ப இயலவில்லை. 1,400 கிலோமீட்டர் கூடுதலாகச் சென்றும் இரண்டு மணி நேரம் முன்னதாக எப்படிச் சேர முடியும்? தாளை எடுத்து வகுத்துப் பார்த்தாள். மேற்கு வழியில் வேகம் மணிக்கு ஏறத்தாழ 840 கிலோமீட்டர். கிழக்கு வழியில் ஏறத்தாழ 1,055 கிலோமீட்டர். பெரிய வானூர்திகள் காற்றினூடே மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றன என்றார் சித்தப்பா. அப்படியானால் ஒரு வழியில் ஏதோ ஒன்று அதைப் பிடித்து இழுத்திருக்கிறது. மறு வழியில் ஏதோ ஒன்று பின்னிருந்து தள்ளியிருக்கிறது.

"பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறதே, அதனாலா?" என்று கேட்டாள்.

"எல்லாரும் முதலில் அப்படித்தான் நினைப்பார்கள். பூமி சுழலும்போது அதைச் சூழ்ந்த காற்றும் உடன் சுழல்கிறது. அந்தக் காற்றில்தான் வானூர்தி மிதக்கிறது. ஓடும் தொடர்வண்டிப் பெட்டிக்குள் நீ முன்னே நடந்தாலும் பின்னே நடந்தாலும் உனக்கு ஒரே நேரம்தானே ஆகிறது?"

விடை காற்றில் இருந்தது. தரையிலிருந்து ஏறத்தாழ 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஓர் ஆறுபோலக் காற்று ஓடுகிறது. அதற்கு 'ஜெட் காற்றோட்டம்' என்று பெயர். குளிர்காலத்தில் அதன் வேகம் மிகும். சில வேளைகளில் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். கிழக்கே செல்லும் வானூர்தி, ஆற்றோடு செல்லும் படகு. மேற்கே செல்வது, ஆற்றை எதிர்த்துச் செல்லும் படகு. துடுப்பு ஒன்றே, வலிமையும் ஒன்றே, சேரும் நேரம் மட்டும் வேறு.

காற்றைப் பயன்கொள்ளும் இக்கலை தமிழருக்குப் புதிதன்று. கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும், வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும் பெயரிட்டு அழைத்தவர்கள் அவர்கள். கடலில் கலம் செலுத்திக் காற்றைத் தமக்குப் பணிசெய்ய வைத்தோரின் வழிவந்தவன் என்று கரிகால் வளவனைப் புறநானூற்றில் வெண்ணிக்குயத்தியார் பாடுகிறார். வானூர்தியின் வழியை வகுப்போர் இன்று செய்வதும் அதுவே.

காற்று மட்டுமன்றி, நாடுகளின் உறவும் பயண நேரத்தை நீட்டவும் குறுக்கவும் செய்கிறது. 2025 ஏப்ரலில் இந்தியாவும் பாகிஸ்தானும் தத்தம் வான்வெளியை மற்ற நாட்டு வானூர்திகளுக்கு மூடின. அதனால் வடஇந்தியாவிலிருந்து மேற்கே சென்ற வானூர்திகள் சுற்றிச் செல்ல நேர்ந்தது. ஊர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. பயண நேரம் கூடியது.

பேச்சு முடியும் தறுவாயில் சித்தப்பா இயல்பாகக் கேட்டார். "ஆச்சிக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள். இப்போது எழுத்தெல்லாம் தெரிகிறதாம். அண்ணனிடம் சொன்னார்களா?"

அருகில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த தந்தை நிமிர்ந்தார்.

"என்ன கட்டு?" என்று கேட்டார்.

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை.

4. 28,000 கிலோமீட்டர்

ஆச்சிக்கு வலக்கண்ணில் புரை முற்றியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்மணி துணைவரத் திருநெல்வேலிக்குச் சென்று அறுவை செய்துகொண்டு, மறுநாளே ஊர் திரும்பியிருந்தார். இது நடந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

தந்தை உடனே ஊருக்குப் பேசினார். "ஏம்மா என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்ட குரலில் சினத்தைவிட நாணமே மிகுந்திருந்தது.

"சொன்னா நீ விடுப்புப் போட்டுட்டு ஓடி வரணும்யா. பிள்ளைக்குப் பரீட்சை வேற. அவ்வளவு தூரத்துல இருந்து எதுக்கு அலையணும்? அரைமணி நேர வேலை. முடிஞ்சு போச்சு."

"தம்பியிடம் மட்டும் சொன்னீர்களே?"

"அவன் தினம் காலையில ஒன்பதரைக்குக் கூப்பிடுவான். கூப்பிடுறவன்கிட்ட வாயில வந்துட்டு."

ஆச்சி இதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது, மாடு கன்று ஈன்றது என்பதுபோல இயல்பாகத்தான் சொன்னார். ஆயினும் தந்தை அலைபேசியை வைத்தபின் நெடுநேரம் பேசாதிருந்தார்.

சான் பிரான்சிஸ்கோவில் குளிர்காலத்து இரவு எட்டு மணி என்றால், இந்தியாவில் மறுநாள் காலை ஒன்பதரை மணி. அப்பருவத்தில் இரண்டு இடங்களின் கடிகாரங்களுக்கும் இடையே பதின்மூன்றரை மணி நேரம் வேறுபாடு உண்டு. சித்தப்பா இரவு உணவை முடித்ததும் ஆச்சியை அழைப்பார். ஆச்சி அந்நேரத்தில் வேலைகளை ஒதுக்கிவிட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பார். பெங்களூருவுக்கும் ஆச்சியின் ஊருக்கும் கடிகாரத்தில் ஒரு நொடியும் வேறுபாடு இல்லை. எந்த நேரத்திலும் பேசலாம். அதனாலேயே பேசுவதற்கென்று ஒரு நேரம் அவர்களுக்கு அமையவில்லை.

அன்றிரவு அவள் தன் ஏட்டின் ஓரத்தில் ஒரு கணக்கைப் போட்டாள். ஆச்சியின் ஊரிலிருந்து பெங்களூரு, சாலை வழியே ஏறத்தாழ 600 கிலோமீட்டர். ஆனால் ஆச்சியின் கண்ணைப் பற்றிய செய்தி, முதலில் சான் பிரான்சிஸ்கோ சென்று, அங்கிருந்து பெங்களூரு வந்தது. போக 14,000, வர 14,000. ஆக 28,000 கிலோமீட்டர் சுற்றி, ஒரு வாரம் கழித்து அச்செய்தி வந்து சேர்ந்திருக்கிறது.

5. காணாமற்போன ஞாயிற்றுக்கிழமை

பணியை முடிக்கவேண்டுமே! அவள் மேலும் சில செய்திகளைத் திரட்டினாள். 2021ஆம் ஆண்டு சனவரி மாதம் 9ஆம் நாள், சனிக்கிழமை இரவு, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஏர் இந்தியா வானூர்தி ஒன்று பெங்களூருவுக்குப் புறப்பட்டது. அவ்விரு நகரங்களுக்கும் இடையே அந்நிறுவனம் இடைநில்லாது இயக்கிய முதல் பயணம் அது. தலைமை வானோடி சோயா அகர்வால் உள்ளிட்ட நான்கு வானோடிகளும் பெண்கள். காற்றையும் வானிலையையும் கருதி, நூல் காட்டிய வழியிலிருந்து சற்று விலகி, வடதுருவத்தின் மேலாகவே அவர்கள் வானூர்தியைச் செலுத்தினர். பயணம் 17 மணி நேரத்திற்கும் மேல் நீடித்தது.

அவர்கள் பெங்களூருவில் இறங்கியபோது திங்கட்கிழமை அதிகாலை. சனி இரவு ஏறித் திங்கள் விடியலில் இறங்கிய பயணிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை எங்கே போயிற்று? கடிகார வேறுபாட்டில் பதின்மூன்றரை மணியும், பயணத்தில் எஞ்சிய நேரமும் சேர்ந்து அந்நாளை விழுங்கிவிட்டன. எதிர்த்திசையில் செல்வோர்க்குத் தொலைந்த நேரம் திரும்பக் கிடைத்துவிடும்.

இதையும் எழுதியதும் பத்து வரிகளும் நிறைந்தன. ஏட்டை மூடும்முன் ஆச்சியிடம் படித்துக் காட்ட விரும்பினாள். மறுநாள் காலை, ஒன்பதரைக்கு முன்பே, அவளே கூப்பிட்டாள்.

6. நாழிகை வழி

ஆச்சி முழுவதையும் கேட்டார். துருவத்தின் மேல் பறப்பதைக் கேட்டு வியந்தார். "உங்க சித்தப்பன் இவ்வளவு தூரமா சுத்திட்டு வர்றான்? பாவம், கால் மரத்துப் போகாது?" என்றார். பிறகு தம் காலத்தில் தொலைவை எப்படிச் சொன்னார்கள் என்று எடுத்துரைத்தார்.

அக்காலத்துத் தமிழர் தொலைவுக்கும் நேரத்துக்கும் இடையே பெரிய வேலி போடவில்லை. ஒரு நாளை அறுபது நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகை 24 நிமிடம். ஒரு நாழிகைப் பொழுதில் நடந்து கடக்கக்கூடிய தொலைவை 'நாழிகை வழி' என்றனர். தொலைவை நடப்பவரின் காலே அளந்தது. அதைவிடச் சிறிய தொலைவை மனிதரின் குரல் அளந்தது. ஒருவர் உரக்கக் கூப்பிட்டால் மற்றவர்க்குக் கேட்கும் தொலைவு 'கூப்பிடு தூரம்'. இதையே 'கூப்பீடு' என்னும் அளவாகக் கொண்டு, நான்கு கூப்பீடு ஒரு காதம் என்று வாய்பாடு வகுத்தனர்.

"எங்க அம்மையைப் பெத்த ஊரு இங்கேர்ந்து பத்து நாழிகை வழி. விடியுமுன்ன கட்டுச்சோத்தோட கிளம்பினா வெயில் ஏறுமுன்ன போயிரலாம். மாசம் ஒருக்கா போவோம்" என்றார் ஆச்சி. சற்றுப் பொறுத்து, "அது சரி தாயி, உங்க ஊருக்கும் நம்ம ஊருக்கும் எவ்வளவு தூரம்னு எழுதலையா?" என்று கேட்டார்.

"அது பக்கம்தானே ஆச்சி? நெடுந்தொலைவு நகரங்களைத்தான் எழுதச் சொன்னார்கள்."

"பக்கமா!" என்று மட்டும் சொல்லிச் சிரித்தார் ஆச்சி.

அச்சிரிப்பு அவளை விட்டு அகலவில்லை. புதிய பக்கத்தில் ஓர் அட்டவணை வரைந்தாள். இடப்பக்கம் சான் பிரான்சிஸ்கோ. வலப்பக்கம் ஆச்சியின் ஊர். முதல் வரிசை, தொலைவு: 14,000 கிலோமீட்டர், 600 கிலோமீட்டர். இரண்டாம் வரிசை, பயண நேரம். இடப்பக்கம் 17 மணி என்று எழுதினாள். வலப்பக்கத்திற்குத் தாயைக் கேட்டாள். வீட்டிலிருந்து நெரிசலைக் கடந்து தொடர்வண்டி நிலையம் சேர்வதற்கும் காத்திருப்பதற்கும் இரண்டரை மணி. ஓசூர், தருமபுரி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை வழியாகத் திருநெல்வேலி சேரப் பதின்மூன்று மணி. அங்கிருந்து பேருந்தில் முக்கால் மணி. ஆகப் பதினாறே கால் மணி. பதின்மூவாயிரத்து நானூறு கிலோமீட்டர் வேறுபாடு, முக்கால் மணி நேர வேறுபாடாகச் சுருங்கிவிட்டது.

மூன்றாவதாக ஒரு வரிசையைச் சேர்த்து, 'கடைசியாக ஆச்சியைப் பார்த்தது' என்று தலைப்பிட்டாள். சித்தப்பா சென்ற கோடையில் வந்து சென்றார், ஏழு மாதம். தங்கள் குடும்பம்? தாய் விரல்விட்டு எண்ணினார். முதலாண்டு தேர்வு, அடுத்த ஆண்டு தந்தைக்கு விடுப்பு இல்லை, அதன்பின் பயணச்சீட்டு கிடைக்கவில்லை. ஒவ்வொன்றும் மெய்யான காரணமே. கூட்டினால் இரண்டரை ஆண்டு ஆகியிருந்தது.

அவள் அந்த ஏட்டைத் தந்தையிடம் காட்டவில்லை; மேசையின் மேல் விரித்தபடி வைத்திருந்தாள். அவர் தாமாகவே படித்தார்.

"எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று இருந்துவிட்டேன்" என்றார்.

7. ஒரு கூப்பீடு

டிசம்பர் இறுதி விடுமுறைக்குப் பயணச்சீட்டு எடுத்தபோது, பெயர்கள் காத்திருப்போர் பட்டியலில் நின்றன. தந்தை நாள்தோறும் காலையில் பட்டியலைப் பார்த்தார். எண்கள் மெல்லக் குறைந்தன. புறப்படும் நாளில் மூவருக்குமாக இரண்டு படுக்கைகள் உறுதியாயின. அதுபோதும் என்றார் தாய். அவளும் தாயும் ஒரே படுக்கையில் ஒருவர் தலைமாட்டில் மற்றவர் கால்மாட்டாகப் படுத்துக்கொண்டனர்.

பிற்பகல் இரண்டரை மணிக்கு வீட்டுக் கதவைப் பூட்டியதுமே அவள் நேரத்தைக் குறித்துக்கொண்டாள். ஓசூரைத் தாண்டியபோது பொழுது சாய்ந்தது. மதுரையில் விழித்தபோது தேநீர் விற்போரின் குரல் கேட்டது. பெயர்ப்பலகைகள் எல்லாவற்றிலும் அவள் வாசிக்கப் பழகிய எழுத்துகள். திருநெல்வேலியில் இறங்கிப் பேருந்து மாறி, ஊர் நிறுத்தத்தில் கால் வைத்தபோது காலை ஏழு மணி நாற்பது நிமிடம். மொத்தம் பதினேழு மணி பத்து நிமிடம். தாய் சொன்ன கணக்கு தவறியிருந்தது. சான் பிரான்சிஸ்கோவுக்கு ஆகும் நேரமே ஆகியிருந்தது.

நிறுத்தத்திலிருந்து வீடு வரை வாய்க்கால் ஓரமாக மண்பாதை. மார்கழிக் கோலங்களில் பூசணிப் பூக்கள் இன்னும் வாடாதிருந்தன. பாதை திரும்பும் வேப்பமரத்தடியில் நின்று பார்த்தாள். தொலைவில் திண்ணையில் கறுப்புக் கண்ணாடி அணிந்த ஓர் உருவம் அமர்ந்திருந்தது. மடியில் அலைபேசி. ஒன்பதரை ஆக இன்னும் நேரம் இருந்தது.

"ஆச்சீ!" என்று அவள் உரக்கக் கூப்பிட்டாள்.

ஆச்சி திரும்பினார். அவ்வளவு தொலைவில் முகம் தெரிந்திருக்க முடியாது. ஆயினும் குரல் வந்த திசையை நோக்கிக் கையை உயர்த்தியபடி, தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

அவ்விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது, ஆசிரியையிடம் அவள் கொடுத்த ஏட்டில் பத்து வரிகளுக்குப் பதினோராம் வரி ஒன்று சேர்ந்திருந்தது:

'வேப்பமரத்திலிருந்து ஆச்சி வீடு வரை உள்ள தொலைவு, ஒரு கூப்பீடு.'

சொல்லும் பொருளும்

கொடை – ஈகை, தருதல்
கலம் – கப்பல்
வானோடி – வானூர்தியை ஓட்டுபவர்
தறுவாய் – உரிய வேளை
புரை – கண்வில்லையில் படரும் மறைப்பு
விரற்கடை – ஒரு விரல் அகலமுள்ள அளவு
உச்சிப்பொழுது – நண்பகல்

பயிற்சி

அ. சிந்தித்து விடை எழுதுக.
1. தட்டையான படத்தில் வைத்த அளவுகோலும் உருண்டையில் இழுத்த நூலும் வெவ்வேறு வழிகளைக் காட்டியது ஏன்?
2. கூடுதல் தொலைவு கொண்ட பசிபிக் வழியில் வானூர்தி விரைவாகச் சென்று சேர்ந்தது எவ்வாறு?
3. ஆச்சியின் கண்ணைப் பற்றிய செய்தி 28,000 கிலோமீட்டர் சுற்றி வந்தது என்று அவள் கணக்கிட்டது எதனால்?
4. 'பக்கமா!' என்று சொல்லி ஆச்சி சிரித்ததன் பொருள் யாது? உங்கள் சொற்களில் விளக்குக.

ஆ. கணக்கிட்டு எழுதுக.
1. சான் பிரான்சிஸ்கோவில் குளிர்காலத்து ஞாயிறு மாலை ஆறு மணி என்றால், ஆச்சியின் ஊரில் என்ன கிழமை, என்ன நேரம்?
2. பத்து நாழிகை என்பது எத்தனை மணி நேரம்?

இ. பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றுக.
1. மாசம் ஒருக்கா போவோம்.
2. கூப்பிடுறவன்கிட்ட வாயில வந்துட்டு.

ஈ. செய்து பார்க்க.
உங்கள் வீட்டிற்கும் தாத்தா பாட்டி வாழும் ஊருக்கும் இடையே உள்ள தொலைவு, பயண நேரம், கடைசியாக நீங்கள் அவர்களைப் பார்த்த நாள் ஆகிய மூன்றையும் அட்டவணைப்படுத்துக. அதை அவர்களிடம் அலைபேசியில் படித்துக் காட்டுக. அவர்கள் கூறியதைப் பதினோராம் வரியாக எழுதுக.